ஏற்காட்டுப் பையனுக்குப் பிட்சிங்கும் ஒரு புதுத் தோல் கிளவுஸும்

ஏற்காட்டிலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மகனுக்கு 14 வயது, வலது கை வேகப்பந்து வீச்சாளன். பள்ளியில் பேஸ்பால் அணி தொடங்கியிருக்கிறார்கள். பி.டி. சார் இவனைப் பிட்சராக, அதாவது மட்டைக்காரருக்குப் பந்து எறிபவனாகப் போடலாம் என்று சொல்லிவிட்டார். மாமா வெளிநாட்டிலிருந்து பந்து பிடிக்கும் தோல் கிளவுஸ் ஒன்று வாங்கி வந்திருக்கிறார், அது பலகை மாதிரி விறைத்துக்கொண்டு மடங்க மாட்டேன் என்கிறது. அம்மாயி தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார். போன மழைக்கு அலமாரியில் இருந்த ஷூ எல்லாம் பூசணம் பூத்தது போல இதுவும் ஆகிவிடுமோ என்று கவலை. பையன் வீடியோ பார்த்து ‘கர்வ் பால்’ என்ற வளைந்து போகும் பந்தை எறியத் தொடங்கிவிட்டான், இரண்டு நாளாக முழங்கையைத் தடவிக்கொண்டே இருக்கிறான். கிரிக்கெட் பந்துவீச்சு கெட்டுப்போகுமா என்பது இன்னொரு கேள்வி.

கல்லூரியில் பிட்சராக ஆடினேன், இப்போது சேலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். முதலில் அந்த முழங்கை. அவர் அதைப் போகிற போக்கில் எழுதியிருந்தாலும் எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

இன்றோடு எறிவதை நிறுத்தச் சொல்லுங்கள். வலி முழங்கையின் உள்பக்கத்தில், அதாவது கையைத் தொங்கவிட்டு உள்ளங்கையை முன்னால் காட்டினால் உடம்பை ஒட்டி இருக்கும் எலும்பு முனையில் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அங்கே அழுத்தினால் வலிக்கிறது என்றால் எலும்பு மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். 14 வயதில் அந்த இடத்தில் எலும்பு இன்னும் முழுதாக ஒட்டியிருக்காது, வளர்ச்சிக்கான குருத்தெலும்பு இருக்கும். திரும்பத் திரும்ப வேகமாக எறியும்போது தசைநார் அதைப் பிடித்து இழுக்கிறது. தைலம் தேய்த்துவிட்டு மறுநாள் எறியவிடுவது மிகவும் தவறு.

பெரியவர்களுக்கு அதே இடத்தில் தசைநாரே கிழிந்துபோகும். டாமி ஜான் என்ற பிட்சருக்கு 31 வயதில் அப்படி ஆனது. 1974-ல் ஃபிராங்க் ஜோப் என்ற அறுவை மருத்துவர் அவருடைய இன்னொரு கையிலிருந்து, தசையை எலும்போடு சேர்க்கும் தசைநாண் ஒன்றை எடுத்து முழங்கையில் வைத்துக் கட்டினார். 1976-ல் அவர் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். அந்தச் சிகிச்சைக்கே இன்று அவர் பெயர்தான். திரும்பி வந்த கதை நன்றாக இருக்கிறது, ஆனால் நம் பிள்ளைகளுக்கு அந்த நிலை வரக் கூடாது.

அதனால் எண்ணிக்கை. 2014-ல் அமெரிக்காவின் தொழில்முறை லீகான மேஜர் லீக் பேஸ்பாலும் அமெரிக்க பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து வயதுவாரியாக ஒரு வரையறை வெளியிட்டன. 13, 14 வயதுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 95 பந்து. அதைவிட ஓய்வுக் கணக்குதான் எனக்கு முக்கியம். 20 வரை எறிந்தால் மறுநாளும் எறியலாம். 21 முதல் 35 வரை என்றால் ஒரு நாள் ஓய்வு, 50 வரை இரண்டு நாள், 65 வரை மூன்று நாள், 65-ஐத் தாண்டினால் நான்கு நாள். வருடத்தில் நான்கு மாதமாவது எறியாமலே இருக்க வேண்டும், அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். இது போட்டியில் ஆடிப் பழகிய பிள்ளைகளுக்கான கணக்கு. வலி போய் மருத்துவரும் சரி என்ற பிறகு, உங்கள் பையனுக்கு முதல் இரண்டு மாதம் ஒரு நாளைக்கு 30 பந்து, வாரத்துக்கு மூன்று நாள் போதும். நான் இங்கே அப்படித்தான் விடுகிறேன்.

ஒரு சின்ன நோட்டு போட்டுத் தேதியும் எண்ணிக்கையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். காலையில் வலையில் ஆறு ஓவர் போட்டுவிட்டு மாலையில் பிட்சிங் செய்தால் அந்த 36 பந்தையும் சேர்த்து எழுத வேண்டும். கிரிக்கெட்டும் பேஸ்பாலும் நமக்குத்தான் வேறு வேறு. தோளுக்கு எல்லாம் ஒன்றுதான்.

சரி, இனி எறிவது.

நம் ஊர்ப் பிள்ளைகள் பந்தை கையில் கொடுத்ததும் பவுலிங் போடத் தொடங்கிவிடுகிறார்கள். பவுலிங்கில் கை நேராகச் சுற்றி வர வேண்டும். முழங்கை நிமிர்வது 15 டிகிரியைத் தாண்டினால் அது எறிதல், நோபால். பிட்சிங்கில் முழங்கை மடங்கித்தான் நிமிர்கிறது. அதனால் பையனிடம் “பவுலிங் போடுவதை மறந்துவிடு, பவுண்டரியிலிருந்து கீப்பர் கைக்கு வேகமாக ஒரு த்ரோ அடிப்பாயே, அதை நினைத்துக்கொள்” என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. 2008-ல் பிட்சர்களைத் தேடி அமெரிக்காவிலிருந்து வந்து நடத்திய தேர்வில் ரிங்கு சிங், தினேஷ் படேல் என்று இரண்டு வட இந்திய இளைஞர்கள் ஜெயித்து, அந்த ஆண்டே அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தமானார்கள். அவர்கள் அதற்கு முன் பேஸ்பால் ஆடியதில்லை. இருவரும் ஈட்டி எறிபவர்கள். எறிகிற உடம்பு அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது.

பந்துவீச்சு கெடுமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். கெடலாம், கவனம் தேவை. நம் சின்னப்பம்பட்டி நடராஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015-ல் ரஞ்சி ஆட்டத்துக்குப் பிறகு அவர் கை வீச்சின் மீது சந்தேகம் கிளம்பி, அதைத் திருத்திக்கொள்ள அவர் பட்ட பாடு நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். 2020 டிசம்பரில் இந்தியாவுக்கு ஆடினார். முழங்கை விஷயத்தில் பழக்கம் அவ்வளவு பிடிவாதமானது. ஒரே நாளில் இரண்டையும் செய்ய விடாதீர்கள். லீக் ஆட்டங்கள் நடக்கும் மாதங்களில் கிரிக்கெட் மட்டும், பேஸ்பால் போட்டி வரும் மாதங்களில் பிட்சிங் மட்டும் என்று பிரித்துக்கொண்டால் என் அனுபவத்தில் பிள்ளைகளுக்குக் குழப்பம் வருவதில்லை.

தூரத்துக்கு டேப் தேவையில்லை, கிரிக்கெட் பிட்ச் இருந்தால் போதும். பிட்சர் நிற்கும் ரப்பர் பட்டையிலிருந்து, மட்டைக்காரர் பக்கம் தரையில் இருக்கும் ஹோம் பிளேட் என்ற பலகையின் பின்முனை வரை 60 அடி 6 அங்குலம். கிரிக்கெட் பிட்ச் ஸ்டம்புக்கு ஸ்டம்பு 66 அடி, பாப்பிங் கிரீஸ் ஸ்டம்புக்கு நான்கு அடி முன்னால். ஆக ஒரு முனைக் கிரீஸில் நின்றுகொண்டு, மறுமுனை ஸ்டம்புக்கு ஒன்றரை அடி முன்னால் பிளேட்டை வைத்தால் அளவு சரியாக வந்துவிடும். ஆனால் முதல் நாளே அங்கிருந்து வேண்டாம். 46 அடியில் தொடங்கட்டும், அமெரிக்காவில் 12 வயது வரை சிறுவர் லீகில் அதுதான் தூரம். பத்தில் ஏழு பந்து குறிக்குள் விழுந்தால் ஒரு எட்டுப் பின்னால் போகட்டும். குறி என்பது பிளேட்டின் அகலமான 17 அங்குலம், உயரத்தில் மட்டைக்காரரின் முழங்காலுக்குக் கீழிருந்து நெஞ்சு வரை. சுவரில் சாக்பீஸால் அந்தக் கட்டத்தை வரைந்துகொள்ளலாம்.

பந்தைப் பிடிப்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். பேஸ்பால் கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் பெரியது, ஆனால் எடை குறைவு, 142 முதல் 149 கிராம். சிவப்புத் தையல் பந்தைச் சுற்றி வளைந்து வளைந்து போகும். பந்தைக் கையில் உருட்டிப் பார்த்தால் ஓரிடத்தில் தையல் குதிரை லாடம் போலத் தெரியும். அந்த லாடத்தின் வாய் பக்கவாட்டில் திரும்பும்படி வைத்து, தையலுக்குக் குறுக்கே ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நுனியையும் போட வேண்டும். இரண்டு விரலுக்கும் நடுவே அரை விரல் இடைவெளி. கட்டைவிரல் நேர் கீழே. மோதிர விரல் பக்கவாட்டில் சும்மா சாய்ந்திருக்கும். பந்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். முட்டையைப் பிடிப்பது போல என்று சொல்வேன். இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு விறைத்து வேகம் போய்விடும். இதுதான் ‘ஃபோர் சீம்’ ஃபாஸ்ட்பால், நேராகப் போகிற பந்து. ஒரு வருடம் இது ஒன்றையே எறிந்தாலும் நஷ்டமில்லை.

பந்து சுத்தமாகச் சுழல்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. தெரு கிரிக்கெட்டுக்கு டென்னிஸ் பந்தில் சுற்றுகிற இன்சுலேஷன் டேப்பை எடுத்து, பேஸ்பாலின் நடுவே ஒரே ஒரு சுற்றுச் சுற்றுங்கள். இரண்டு விரலும் அந்தப் பட்டையின் மேல் நீளவாக்கில் இருக்கும்படி பிடித்து எறியச் சொல்லி, நீங்கள் பின்னால் நின்று பாருங்கள். பட்டை சைக்கிள் சக்கரம் மாதிரி ஆடாமல் சுற்றினால் விரல் பந்துக்கு நேர் பின்னால் இருக்கிறது என்று பொருள். தள்ளாடினால் கை பக்கவாட்டில் வழுக்குகிறது. வேகமே வேண்டாம், 20 அடியில் நின்று எறிந்தாலே தெரிந்துவிடும். என்னிடம் வரும் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் தங்களைத் தாங்களே திருத்திக்கொள்வது இதில்தான்.

உடம்பைப் பொறுத்தவரை, பவுலர் ஓடிவந்து வேகத்தைச் சேர்க்கிறார், பிட்சர் நின்ற இடத்திலிருந்தே சேர்க்க வேண்டும். அதனால் எல்லாம் காலில்தான் இருக்கிறது. வலது பாதம் ரப்பரை ஒட்டிக் குறுக்காக, இடது தோள் பிளேட்டைப் பார்த்தபடி. இடது முழங்கால் மேலே வரும், அங்கே ஒரு நொடி ஆடாமல் நிற்க முடிய வேண்டும். வீட்டு முற்றத்தில் பந்தே இல்லாமல் மூன்று எண்ணும் வரை அப்படி நிற்கப் பழகட்டும். பிறகு இடுப்பு முதலில் பிளேட்டை நோக்கிப் போகும், கால் நீண்டு இறங்கும். அந்த எட்டின் நீளம் அவன் உயரத்தில் ஏறக்குறைய எண்பது சதவீதம் இருந்தால் நல்லது. கால் இறங்கும் அதே நேரத்தில் கிளவுஸிலிருந்து பந்துக்கை பிரிந்து மேலே வர வேண்டும். பாதம் தரையைத் தொடும்போது முழங்கை தோள் மட்டத்துக்கு வந்திருக்க வேண்டும். நான் பார்க்கிற பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஓர் இடத்தில் நடக்கின்றன. கால் இறங்கிவிடும், கை இன்னும் இடுப்புக்குக் கீழே கிடக்கும். அப்போது கை ஓடிப்போய் உடம்பைப் பிடிக்கப் பார்க்கும், அந்தச் சுமை முழுக்க முழங்கைக்குப் போகும். உங்கள் பையன் விஷயத்திலும் அதுவாக இருக்கலாம். போனில் பக்கவாட்டிலிருந்து படம் எடுத்து, பாதம் தரையைத் தொடும் கணத்தில் நிறுத்திப் பாருங்கள்.

அதற்குப் பிறகு இடுப்பு திரும்பும், தோள் அதைப் பின்தொடரும், முன்கால் முட்டி உறுதியாக நிற்கும், பந்து போன பிறகும் கை நிற்காமல் இடது முட்டியின் வெளிப்பக்கம் வரை வந்து முடியும். பந்தை விட்டதும் கையைச் சட்டென்று நிறுத்தினால் தோளின் பின்பக்கம் வலி எடுக்கும். ஒரு துண்டை நடுவிரலோடு பிடித்துக்கொண்டு, எதிரே ஒருவர் நீட்டும் கிளவுஸைத் துண்டின் நுனியால் அடிப்பது நல்ல பயிற்சி. மழை நாளில் வராந்தாவிலேயே செய்யலாம். ஏற்காட்டில் மழை நாளுக்கா பஞ்சம்?

இரண்டாவது பந்து ‘சேஞ்ச் அப்’. பந்தை உள்ளங்கைக்குள் இன்னும் ஆழமாக, மூன்று விரலால் பிடித்து, ஃபாஸ்ட்பாலுக்கு வீசிய அதே வேகத்தில் கையை வீச வேண்டும். கை வேகம் குறையாது, பந்து மட்டும் மெதுவாகப் போகும், மட்டைக்காரர் முன்னாலேயே சுற்றிவிடுவார். நம் பவுலர்கள் போடும் ஸ்லோயர் பாலின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டும் நினைத்த இடத்தில் விழும்படி வந்த பிறகுதான் கர்வ் பால். மேலே சொன்ன அமெரிக்க வரையறையும் 13, 14 வயதுக்கு அதையே சொல்கிறது.

கர்வ் பற்றிப் பையனிடம் இதையும் சொல்லுங்கள், அவனுக்குப் பிடிக்கும். சுழலும் பந்து காற்றைத் தள்ளித்தான் வளைகிறது. காற்று அடர்த்தியாக இருந்தால் வளைவு கூடும். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அமெரிக்காவில் டென்வர் நகரம் 1,600 மீட்டர், அங்கே கூர்ஸ் ஃபீல்ட் மைதானத்தில் கர்வ் பால் சரியாக வளைவதில்லை என்று பிட்சர்கள் புலம்புவது பிரசித்தம். அடித்த பந்து வேறு வெகுதூரம் பறக்கும். அதைக் குறைக்கத்தான் 2002 முதல் அங்கே பந்துகளை ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் வைத்தே எடுத்து வருகிறார்கள். ஒரே வெப்பநிலை என்று வைத்துப் பார்த்தால் சேலத்தைவிட ஏற்காட்டில் காற்றின் அடர்த்தி பத்து சதவீதத்துக்கும் மேல் குறைவு. வீடியோவில் வளைகிற அளவுக்குத் தன் பந்து வளையவில்லை என்று அவன் மணிக்கட்டை இன்னும் முறுக்கியிருப்பான். முறுக்கத் தேவையில்லை. கீழே இறங்கி வந்து எறிந்தால் அதே பந்து இன்னும் கொஞ்சம் வளையும்.

இனி கிளவுஸ். வலது கைக்காரன் இடது கையில்தான் போட வேண்டும், வாங்கி வந்தது அப்படித்தானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் பின்னல் மூடிய மாதிரி இருந்தால் பிட்சருக்கு நல்லது, உள்ளே பந்தைப் பிடிக்கும் விதம் எதிரிக்குத் தெரியாது.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். அம்மாயியின் அக்கறை புரிகிறது, எங்கள் வீட்டிலும் அதே அக்கறைதான். என் முதல் கிளவுஸுக்கு நானும் அம்மாவும் சேர்ந்து எண்ணெயை ஊற்றி ஊறவைத்தோம். இரண்டு நாளில் மெத்தென்று ஆனது, சந்தோஷப்பட்டோம். ஒரு மாதத்தில் ஈரத் துணி மாதிரி தொங்கிப்போய், தூக்கினால் கை வலிக்கும் எடை. உள்பக்கத்தில் சிக்கு வாடை. அந்த வாடைக்கு ஒரு ராத்திரி எலி வந்து பின்னலின் தோல் கயிற்றைக் கடித்துவிட்டது. அந்தக் கிளவுஸ் இன்றும் என்னிடம் இருக்கிறது, வரும் பெற்றோருக்கு எடுத்துக் காட்டுவேன். பேட்டுக்குத் தடவும் ஆளி விதை எண்ணெயும் கூடாது, அது காய்ந்து இறுகிவிடும். தோலுக்கென்று விற்கும் கண்டிஷனர் கிரீம், நிறமில்லாதது, சுண்டுவிரல் நுனி அளவு எடுத்துப் பழைய பனியன் துணியால் மெல்லிசாகத் தேய்த்தால் போதும். முதலில் ஒரு தடவை, பிறகு நான்கைந்து மாதத்துக்கு ஒரு தடவை.

விறைப்பு போக, புது வில்லோ பேட்டை மர மேலட்டால் (சுத்தியலால்) தட்டிப் பழக்கி நாக்கிங் செய்வோமே, அதே வேலைதான். அந்த மேலட்டே போதும். கிளவுஸை இடது கையில் மாட்டிக்கொண்டு, பந்து விழ வேண்டிய குழியில், அதாவது ஆள்காட்டி விரலின் அடிக்குக் கொஞ்சம் மேலே, தட்டிக்கொண்டே இருங்கள். தினம் கால் மணி நேரம். அப்புறம் கட்டைவிரல் பக்கத்தின் அடியையும் சுண்டுவிரல் பக்கத்தின் அடியையும் தனித்தனியாக முன்னும் பின்னும் மடக்கிவிடுங்கள். நட்ட நடுவில் புத்தகம் மாதிரி மடிக்க வேண்டாம், மடிப்பு விழுந்தால் போகாது. ராத்திரி குழிக்குள் பந்தை வைத்து அகலமான துணியால் தளர்வாகக் கட்டிவையுங்கள். எல்லாவற்றையும்விட, இன்னொருவரோடு பந்தைப் பிடித்து எறிந்து விளையாடுவதுதான் தோலை அவன் கைக்குப் பழக்கும், மூன்று நான்கு வாரம் ஆகும். அவனுக்கு எறிதல் தடை இருக்கிற இந்த நாட்களில் நீங்கள் மெதுவாக எறியுங்கள், அவன் பிடித்து, கீழே உருட்டிவிடட்டும். தண்ணீரில் முக்குவது, அடுப்பு மேல் வைப்பது, மைக்ரோவேவில் வைப்பது என்றெல்லாம் வீடியோக்களில் காட்டுவார்கள். தோலில் உள்ள கொழுப்பு வெந்துபோய்க் கயிறு பட்டுப் பட்டென்று அறுந்துவிடும். சேலத்தில் சித்திரை வெயிலில் வண்டிக்குள் விட்டுவிட்டுப் போவதும் ஏறக்குறைய அதேதான்.

உங்கள் ஊரில் ஈரம்தான் எதிரி. நனைந்தால் காய்ந்த துண்டால் ஒற்றி எடுத்து, விரல் விரலாகச் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, ஃபேன் காற்றில் நிழலில் வையுங்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள். காய்ந்த பிறகே கிரீம். மூடிய அலமாரியும் பிளாஸ்டிக் பையும் கூடாது, கூடத்தில் காற்றோட்டமான இடத்தில் ஆணியில் மாட்டாமல் பலகை மேல் குழி மேல்நோக்கி இருக்க வைக்கலாம். ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து உள்ளே போடுங்கள். வெள்ளையாகப் பூசணம் தெரிந்தால் வெளியே எடுத்துப் போய்க் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, வினிகரும் தண்ணீரும் பாதிப் பாதி கலந்து துணியில் தொட்டு, பிழிந்து துடையுங்கள். உடனே பார்த்தால் கறை தங்காது.

கயிறு தளர்ந்தால் முடிச்சை இறுக்கலாம். அறுந்தால் கிளவுஸைத் தூக்கிப் போட வேண்டாம். தோல் கயிறு தனியாகக் கிடைக்கிறது. சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்பு தைக்கிற அண்ணன்களிடம் பழைய கயிறு போன வழியைப் போனில் படம் எடுத்து வைத்துக் காட்டினால் அப்படியே கோத்துத் தருவார்கள். நைலான் கயிறு போடச் சொல்லாதீர்கள், அது தோலை அறுத்துவிடும்.

பந்து குறைந்தது இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். பனி இறங்கிய புல்லில் உருண்ட பந்து தண்ணீர் குடித்து எடை கூடிவிடும். அதை எறிந்தால் முழங்கைக்கும் கேடு, கிளவுஸுக்கும் கேடு. ஒன்று காயும்போது இன்னொன்று கையில் இருக்கட்டும்.